துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வசனம் உண்டு. அம்மாவுடையது, "எல்லாத்துக்கும் ஒரு மனசு இருக்கு." குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் இதுதான், ஏ.சி.யில் தண்ணீர் சொட்டினாலும் இதுதான். அப்பாவுடையது, "மனுசன் கையில உப்பு இருக்கு." இரும்புச் சாமான் எதையாவது நான் தொடப்போகும்போது வரும். பத்து வயதில் இந்த இரண்டையும் ஒரே நாளில் நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதியைத்தான். மீதியை மறைத்து, வேடிக்கையாக்கி, சிரிக்க வைத்துவிடுவேன். அப்படி வாங்கிய சிரிப்பெல்லாம் கள்ளச் சிரிப்பு. இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ராஸ் அல் கைமாவில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி, ஓர் அரபியின் பெரிய வில்லா. அவரை எல்லோரும் அர்பாப் என்போம். முதலாளி என்று அர்த்தம். பாளையங்கோட்டையில் லேத் பட்டறையில் இருந்த அப்பாவுக்கு அங்கேதான் வேலை. தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், கார்கள், குளிர்காலத்தில் மணல்மேட்டுக்குக் கொண்டுபோகும் கூடாரங்கள், எது நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அர்பாப் அவரை "முஹந்திஸ்" என்று அழைப்பார். எஞ்சினியர் என்று பொருள். ஐ.டி.ஐ. முடித்திருந்த அப்பா அந்தச் சொல்லுக்காகவே அரை மைல் ஓடிப்போவார்.

வில்லாவுக்குப் பின்புறம் எங்களுக்கு இரண்டு அறை. அர்பாப் இரக்கப்பட்டு ஃபேமிலி விசா எடுத்துக் கொடுத்திருந்தார். அப்பா மாதிரி வேலைக்காரர்களில் வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை. விசா கேன்சலானால் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். அதனால் எங்கள் வீட்டில் "கேன்சல்" என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஊரில் பாம்பை இரவில் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களே, அது மாதிரி. டாக்டர் அப்பாயின்மென்ட் ரத்தானால்கூட அம்மா "அது இல்லேன்னுட்டாங்க" என்பாளே தவிர, கேன்சல் என்று சொல்ல மாட்டாள்.

அர்பாபிடம் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருந்தது. உள்ளூரில் சுட முடியாது. ஆகஸ்டு மாதம் ஏதாவது குளிர் தேசத்துக்குப் போய் மான் சுட்டுவிட்டு வருவார். ஆக, துப்பாக்கிக்கு வருஷத்தில் ஒரு மாதம் வேலை, பதினொரு மாதம் தூக்கம். தூங்க வைப்பது அப்பாவின் வேலை. தோட்டாவெல்லாம் அர்பாப் தன் அறையிலேயே தனியாகப் பூட்டி வைத்திருப்பார். துப்பாக்கி மட்டும் மஜ்லிஸை ஒட்டிய சின்ன அறைக்கு வரும். வீட்டு ஆண்கள் விருந்தாளிகளோடு உட்கார்ந்து பேசும் கூடத்துக்குத்தான் மஜ்லிஸ் என்று பேர்.

அப்பா துப்பாக்கி துடைப்பதைப் பார்க்க எனக்கு அத்தனை பிடிக்கும். பெட்டியைத் திறந்த உடனே தொட மாட்டார். "குளுருல கிடந்தது. வேர்க்கும், கொஞ்சம் பொறு" என்பார். மாலிலிருந்து வெளியே வந்ததும் என் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போகும் அல்லவா, அப்படித்தான் துப்பாக்கிக்கும் என்று எனக்கு விளக்கியிருந்தார். வேர்வை அடங்கியதும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்வார். குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டு, நுனியில் பிரஷ்ஷை மாட்டி, மருந்து தொட்டு இழுப்பார். பிறகு துணித்துண்டு. முதல் துண்டு கரியாக வரும், அடுத்தது சாம்பலாக, அதற்கடுத்தது வெளுத்து. எதுவும் ஒட்டாமல் ஒரு துண்டு வெள்ளையாகவே வரும்வரை விட மாட்டார். அவருடைய பழைய பனியன்களை ஸ்கேல் வைத்துச் சதுரமாக வெட்டிக் கொடுப்பது என் வேலை. கடைசியாக உள்ளேயும் வெளியேயும் எண்ணெய். வழியக் கூடாது, தேங்கக் கூடாது, "மூச்சு விட்டா மங்குற அளவுக்குத்தான்" இருக்கவேண்டும். உறையில் போட்டு வைத்தால் துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். அதனால் வெறுமனே இரும்பு அலமாரியில், வாய் கீழே பார்க்க நிறுத்திவைப்பார். காலடியில் ஈரம் குடிக்கும் மருந்துப் பொட்டலங்கள். பூட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை எண்ணெய்த் துணியால் மேலிருந்து கீழே ஒரு துடைப்பு. கடல் பக்கத்து ஊர், காற்றே உப்பு. அந்தக் கடைசித் துடைப்பை அப்பா தவறவிட்டதே இல்லை. ஒரே ஒரு வருஷத்தைத் தவிர.

கான் சாச்சாவைச் சொல்லவேண்டும். சாச்சா என்றால் உருதுவில் சித்தப்பா. அர்பாபின் டிரைவர். பாகிஸ்தானில் பெஷாவர்ப் பக்கம். மருதாணி போட்ட தாடி, ஆறடி உயரம். அப்பா வருவதற்கு முன்னால் பதினேழு வருஷம் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டது அவர்தான். வேட்டைக்கும் அர்பாபோடு போய்வருவார். அப்பா வந்தபிறகு துடைக்கிற வேலை அப்பாவிடம் போனது. ஆனாலும் பெட்டியைத் தூக்கி வருவதும், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வதும் தன் உரிமை என்று அவர் வைத்துக்கொண்டார். அவர் பேசுவது உருது, அப்பா பேசுவது உருது என்று அப்பா நம்பியது. இரண்டையும் நான் தமிழாக்கித்தான் எழுத முடியும்.

"முஹந்திஸ், கிளவுஸ் போட்டுத் துப்பாக்கியைத் தொடுறதும் கம்பளியைப் போத்திக்கிட்டுக் குளிக்கிறதும் ஒண்ணு."

"கான் பாய், உங்க கையில உப்பு இருக்கு."

"இருக்கும். இருபது வருஷமா இந்த வீட்டு உப்பைத் தின்ன கை. உனக்கு இப்பதானே மூணு வருஷம், உன் கை சப்புன்னு இருக்கு, போ."

இப்படியே இழுத்துக்கொண்டிருப்பார்கள். சாச்சாதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அர்பாபின் பிள்ளைகளை அவர்கள் பள்ளியில் இறக்கிவிட்டு, கடைசியில் என்னை எங்கள் இந்தியன் ஸ்கூல் வாசலில் இறக்குவார். நான் கண்ணாடி போட்டவள் என்பதால் எனக்கு "சஷ்மிஷ்" என்று பேர் வைத்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் தன் பஷ்தூ மொழியில் எண்ணச் சொல்லிக் கொடுப்பார். யவ், த்வா, த்ரே. பத்துவரை எனக்கு இன்னும் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு. ஒருத்தி அவள் அப்பாவின் லேப்டாப்புக்குப் பூஜை என்றாள். இன்னொருத்தி, புதுக் காருக்கு என்றாள். அப்பா டாக்டராக இருக்கும் பெண், ஸ்டெதாஸ்கோப்புக்கு என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் என்று எப்படிச் சொல்வது? "எங்க வீட்டுல துப்பாக்கிக்குப் பூஜை" என்றேன். சாப்பாட்டு மேஜை கொஞ்ச நேரம் வாயடைத்துப்போனது. அந்த அமைதியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கெஞ்சினேன். "அதுக்கும் ஒரு பொட்டு வைப்போம்பா."

"ஏட்டி, அது நம்ம சாமானா? அவுக பொருள்ல நம்ம பொட்டை வைக்கக் கூடாது. அவுகளுக்கு அது ஆகாது. நம்ம டூல் பாக்ஸுக்கு வையி, போதும்."

அம்மா அடுப்படியிலிருந்து தன் வசனத்தை எடுத்து விட்டாள். "எல்லாத்துக்கும் ஒரு மனசு இருக்கு. சோறு போடுற ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காட்டா அது கோவிச்சுக்கும்."

இதை வைத்துக்கொண்டு நான் பின்னாளில் எனக்கே ஒரு கதை கட்டிக்கொண்டேன். துப்பாக்கி கோபித்துக்கொண்டு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, அப்பா மேலிருந்த பாசத்தில்தான் அதைச் செய்தேன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல. சாப்பாட்டு மேஜையில் சொன்ன பொய்யை மெய்யாக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அர்பாப் அந்த வருஷம் தாமதமாகத் திரும்பினார். துப்பாக்கிப் பெட்டி வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராத்திரி. உப்புக் காற்றில் அதை ஒருநாள்கூடச் சும்மா விட அப்பாவுக்கு மனசு வராது. மறுநாள் மதியமே துடைக்க உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிவிட்டு வந்து, பாவாடை சட்டை மாற்றிக்கொண்டு, பனியன் துண்டுகளோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துண்டு வந்தது, எண்ணெய் ஏறியது, பச்சைக் கம்பளி விரித்த மேஜையில் துப்பாக்கி பளபளவென்று கிடந்தது. அப்போது பெரிய வீட்டுச் சமையலறையில் தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது என்று ஆள் ஓடிவந்தான்.

"கான் பாய், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அப்பா ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. சாச்சா எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சஷ்மிஷ், நமாஸ் முடிச்சிட்டு வந்திடறேன். அதுவரைக்கும் நீதான் காவல். யாரையும் உள்ளே விடாதே."

"அர்பாப் வந்தா?"

"அவர்கிட்டயும் பாஸ்வேர்டு கேளு."

அவர் தலை மறைந்ததும் நான் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அயர்ன் பாக்ஸ், அரிவாள்மனை, அப்பாவின் டூல் பாக்ஸ், என் புத்தகக் கட்டு எல்லாம் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்துக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். இடது உள்ளங்கையில் கொஞ்சம் வழித்துக்கொண்டேன், குங்குமத்தில் ஒரு சிட்டிகை. திரும்பி ஓடிவந்து, அம்மா வைப்பது போலவே மோதிர விரலால், குழலின் மேல் வரிசையாக மூன்று பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியை நினைத்தேனா என்றால், இல்லை. ஸ்டெதாஸ்கோப்காரியின் முகத்தைத்தான் நினைத்தேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. பாவாடை நுனியால் மூன்றையும் வழித்தேன். குங்குமம் இழுவியது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். அப்பா ஏற்றியிருந்த எண்ணெயும் என் பாவாடைக்கே வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. துப்பாக்கியின் மரக்கட்டையும் குழலும் சேரும் இடுக்கில் கொஞ்சம் சந்தனம் இறங்கிப்போனதையும் பார்க்கவில்லை. மேலோட்டமாகச் சுத்தமாகத்தான் தெரிந்தது.

சாச்சா வந்தார். தொழுகைக்கு முன்னால் ஒளு செய்து கைமுகம் கழுவிய தண்ணீர் தாடியிலும் முழங்கையிலும் நின்றது. "யாராவது வந்தாங்களா?"

"இல்லை சாச்சா."

அது பொய்யில்லை பாருங்கள். யாரும் வரவில்லை.

அப்பா சாச்சாவைப் போனில் கூப்பிட்டார். அர்பாப் வெளியே கிளம்புகிறார், துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்கிறார், நான் வந்து பூட்டிவிடுகிறேன் என்றார். சாச்சா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முழங்கையைத் துடைத்தார், உள்ளங்கையைத் துடைத்தார், பிறகு விரல் விரலாகத் துடைத்தார். மோதிரத்தைச் சுழற்றி அதன் அடியில்கூடத் துடைத்தார். அப்புறம்தான் மரக்கட்டையைப் பிடித்து, குழலில் கை படாமல் தூக்கி, வாய் கீழே பார்க்க நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா முழங்கால்வரை நனைந்து வந்தார். பூஜைக்கு நேரமாகிறது என்று அம்மா இரண்டு முறை ஆளனுப்பிவிட்டாள். அலமாரியை எட்டிப் பார்த்தார், பூட்டினார், சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கடைசித் துடைப்பு நடக்கவில்லை.

ஜனவரியில் அர்பாப் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். துப்பாக்கியைக் காட்டுவதற்காக அலமாரியைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு அழைப்பு. வழக்கம்போல அப்பா ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன்.

"ஷூ ஹாதா, யா முஹந்திஸ்?" இது என்ன என்று கேட்டார் அர்பாப். விருந்தாளிகள் முன்னால் என்பதால் குரலை உயர்த்தவில்லை. அதுவே பயமாக இருந்தது.

குழலின் மேல் மூன்று பொட்டு. செங்கல் நிறத்தில், ஒரே இடைவெளியில், வரிசையாக. நான் துடைத்த குங்குமம் மூன்று மாதம் இருட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது போல இருந்தது.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வருவதற்குள் இது எப்படி வந்தது என்று தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டு அர்பாப் போனார். அப்பா துப்பாக்கியை மேஜைக்குக் கொண்டுவந்தார். மெல்லிய கம்பிப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, துருவை மெதுவாகத் தேய்த்தார். துரு போனது. ஆனால் கருநீலப் பூச்சில் மூன்று சொரசொரப்பான வெளிறல்கள் மிச்சமாக நின்றன. அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, குழலும் கட்டையும் சேரும் இடுக்கை நோண்டினார். மஞ்சள் நிறத்தில் காய்ந்த பொருக்கு ஒன்று உதிர்ந்தது. கையுறையைக் கழற்றி அதை விரல்களுக்கு நடுவில் நசுக்கினார். மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

என்ன எண்ணெய் என்று பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசலில் நான் நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பாமலே, "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"ம்."

"வீட்டுக்குப் போ."

நான் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அர்பாப் வந்தார். கூடவே சாச்சாவும். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, அப்பா தன் உருதுவில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "அன்னைக்கு அலமாரியில எடுத்து வச்சது கான் பாய். நமாஸ் முடிச்சிட்டு வந்தாரு. ஒளு செஞ்ச ஈரம். கிளவுஸ் போட மாட்டாரு. நான் பல தடவை சொல்லியிருக்கேன்."

தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் உண்மை. ஒன்றோடொன்று சேர்த்தவுடன் பொய்யாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பூஜைச் சந்தனம் செய்த வேலையை, அந்த மனுசரின் தொழுகைத் தண்ணீர்மேல் வைத்துவிட்டார் அப்பா.

கான் சாச்சா முதலில் சிரித்தார். "முஹந்திஸ், தண்ணி என்ன, வரிசை கட்டியா விழும்? ஒண்ணு, ரெண்டு, மூணு. ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி?"

அப்பா ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"துண்டால துடைச்சிட்டுத்தான் தொட்டேன்" என்றார் சாச்சா. இந்த முறை சிரிப்பில்லை. "இருபது வருஷமா துடைச்சிட்டுத்தான் தொடுறேன்."

அதைப் பார்த்த சாட்சி ஒன்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அது வாயைத் திறக்கவில்லை.

அர்பாப் நல்ல மனிதர். தொழுதுவிட்டு வந்தவரைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. "நமாஸுக்குப் போனதை யாரும் தப்பு சொல்ல முடியாது, கான். ஆனா துப்பாக்கி இனி உனக்கு வேண்டாம். வயசாகுது. இஸ்பாவுல ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சனிக்கிழமை அங்கே போயிடு. கலாஸ், முடிஞ்சுது."

இஸ்பா என்பது மணலுக்கு நடுவில் இருந்த அவருடைய ஒட்டகக் கொட்டில். தகர ஷெட், தண்ணீர்த் தொட்டி, முப்பது ஒட்டகம். டவுனுக்கு வர மாதத்தில் ஒரு நாள். வேட்டைக்குப் போகிற ஆளை அங்கே அனுப்புவது, பட்டாளத்துக்காரனைப் பொம்மைக் கடைக்கு அனுப்புவது மாதிரி. சாச்சா அப்பாவை நெடுநேரம் பார்த்தார். "அச்சா, முஹந்திஸ். நீ சொல்றே. சரி."

அன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "கேன்சல்" என்ற சொல் காதில் விழுந்தது. அம்மாதான் சொன்னாள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மறுநாள் காலையில் தலை பின்னிவிட்டு எனக்குப் பொட்டு வைக்கும்போது, அம்மாவின் மோதிர விரல் நெற்றிக்கு முன்னால் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அப்புறம்தான் வைத்தாள்.

சாச்சா போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கு அவர்தான் கூட்டிப்போனார். சிக்னலில் எண்ணச் சொல்லவில்லை. அர்பாபின் பிள்ளைகள் இறங்கிய பிறகு வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்களை ஊருக்கு அனுப்பியிருக்கலாம், அனுப்பாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று விசாவை நினைத்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. 'சஷ்மிஷ்தான் செய்தாள்' என்று அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்துத்தான் மூடிக்கொண்டேன்.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் கதவைத் திறக்கப்போனேன்.

"சஷ்மிஷ், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் நமாஸுக்குப் போனப்போ, நிஜமாவே யாரும் வரலைதானே?"

கடவுளாகப் பார்த்து அப்படியொரு கதவைத் திறந்து வைத்தார். பின்னால் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது.

"வரலை சாச்சா."

அவர் தலையை ஆட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, உள்ளங்கைகளைத் திருப்பி, முன்னும் பின்னுமாகப் பார்த்தார். அதுவரை அவருக்கு அப்பாமேல்தான் சந்தேகம் இருந்திருக்கும். இல்லாவிட்டால், வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று நம்பியிருப்பார். நான் சொன்னதும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

"அப்போ இந்தக் கைதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. கைகளிடம் சொன்னார்.

நான் இறங்கி ஓடினேன். முதல் பீரியட் கணக்கு. பத்துக்குப் பத்து வாங்கினேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

லேத் பட்டறையில் வளர்ந்த மூக்கு அப்பாவுடையது. டப்பாவைத் திறக்காமலே இது கியர் ஆயில், இது கட்டிங் ஆயில் என்று சொல்வார். பன்னீர் விட்ட சந்தனமா அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்? இது எனக்கு உறைக்கப் பதினைந்து வருஷம் ஆனது. ஷார்ஜாவில் எனக்குக் கல்யாணமாகி, முதல் ஆயுத பூஜைக்குக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தபோது, விரலை மோந்து பார்த்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை அப்பாவை நான் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார். வாரம் இரண்டு தடவை போன் பேசுகிறோம். மழை, மாத்திரை, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசியாயிற்று. கான் சாச்சாவின் பேரை அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. எடுத்தால் என்னை மன்னிப்பாரா, என்னிடம் மன்னிப்புக் கேட்பாரா என்று தெரியவில்லை. இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பகல் பதினோரு மணி. பிக்கப் வந்து நின்றது. சாச்சா ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம் சாதப் பொட்டலம் இவற்றோடு அறையிலிருந்து வெளியே வந்தார். பெட்டி கனம். பெங்காலி ஆள் ஒருவர் தூக்க வந்தார். அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து அவரை விலக்கிவிட்டு, பெட்டியைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டார். யாரையும் கை வைக்க விடவில்லை. சாச்சா முன் சீட்டில் ஏறி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா பெட்டியை ஏற்றினார், படுக்கையை ஏற்றினார், கயிறு போட்டுக் கட்டினார், கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். வண்டி கிளம்பிய பிறகும் பின்கதவில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுவரை கூடவே நடந்தார். அப்புறம் ஓடினார். அப்புறம் நின்றுவிட்டார்.

எங்கள் வாசலில் அம்மாவின் பக்கத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன். தன்னோடு எப்போதும் சண்டைக்கு நின்ற மனுசருக்கு அப்பா பெட்டி தூக்குகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. "அப்பா எவ்வளவு நல்லவங்க, பாத்தியாம்மா!" என்றேன்.

அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போது வயது பத்து. நல்லவர்கள்தான் அடுத்தவர் பெட்டியை அப்படித் தூக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.